எழுநூறு டிகிரியில் நகராத தங்கம்

செண்டாய், ஜப்பான்
14 ஜனவரி 2023

லோகேஸ் அண்ணாவுக்கு,

நலமா என்று கேட்டால் பதில் வராது என்று தெரியும். அதனால் கேட்கவில்லை. வாட்ஸ்அப்பில் என்னை அடைத்துவிட்டீர்கள். பல்கலைக்கழக மின்னஞ்சலில் எழுதினால் நம் பேராசிரியரும் படிப்பார். மிஞ்சியது தபால்தான். முப்பத்திரண்டு வயதில் முதன்முறையாக ஒருவருக்குக் கடிதம் எழுதுகிறேன், அதுவும் கோபித்துக்கொண்டிருப்பவருக்கு. கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சண்டையைப் பேசிவிடலாம். உங்கள் ஆய்வேட்டை மதிப்பிடும் குழுவுக்கு நான் எழுதியது ஒரே வரி. லோகேஸ்வரனின் செய்முறைப்படி இங்கே மூன்று முறை பொடி தயாரித்தேன், அவருக்குக் கிடைத்த விளைவு எனக்குக் கிடைக்கவில்லை. அவ்வளவுதான். உங்கள் ஆய்வுக்கு இணை வழிகாட்டியாக என் பெயரைப் போடச் சொன்னது நீங்கள். ஸ்கூடாய்ப் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் ஒரே மேசையில் உட்கார்ந்து வேலை செய்தோம் என்பதற்காக, கிடைக்காததைக் கிடைத்தது என்று எழுத முடியுமா?

சரி, அது கிடக்கட்டும். நேற்று நான் பார்த்ததை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வேறு யாரிடம் சொன்னாலும் புரியாது.

இங்கே இருக்கும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பொடியை வைத்துக்கொண்டே சூடேற்றலாம். வாயுவும் விடலாம். நடப்பதை நடக்கும்போதே பார்க்கலாம். நாம் எழுதும் எல்லாக் கட்டுரையிலும் முதல் பத்தி ஒன்றுதான். கழுத்தில் போடும் தங்கம் எதனோடும் சேராத சோம்பேறி. அதையே சில நூறு அணுக்கள் கொண்ட மணிகளாக்கி, சுவர்ப் பெயின்டில் போடுகிற டைட்டானியம் ஆக்சைடு என்ற வெள்ளைப் பொடியின் மேல் உட்காரவைத்தால், கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவைத் தொட்ட மாத்திரத்தில் சாதாரணக் கரியமிலவாயுவாக மாற்றிவிடும். நெருப்பில்லை, புகையில்லை. எத்தனை தடவை இதை எழுதியிருப்போம். எழுதியது வேறு, பார்ப்பது வேறு.

முந்நூறு டிகிரி வரை மணிகள் அமைதியாக இருந்தன. பிறகு விளிம்புகள் நடுங்கத் தொடங்கின. நானூறில் ஒரு மணி கிளம்பி நடந்தது அண்ணா. உண்மையாகவே நடந்தது. இன்னொன்றின் பக்கம் போய் நின்றது. இரண்டுக்கும் நடுவே ஒரு கழுத்து முளைத்தது, கண் இமைப்பதற்குள் இரண்டும் ஒன்றாகிவிட்டன. கொஞ்ச நேரத்தில் நூறு மணிகள் இருந்த இடத்தில் ஏழெட்டுக் கட்டிகள். பெரிதானதும் பழைய சோம்பேறித்தனம் வந்துவிட்டது. வாயுவை விட்டுப் பார்த்தால் ஒன்றும் செய்யவில்லை. நான் நாற்காலியைவிட்டு எழுந்து நின்றுகொண்டிருந்தேன் என்பதே பிறகுதான் தெரிந்தது.

உங்கள் பொடி எழுநூறு டிகிரியிலும் அழியவில்லை என்று ஆய்வேட்டில் இருக்கிறது. அதில் ஒரு சிட்டிகை அனுப்புங்கள். நான் கேட்பது அவ்வளவுதான்.

விஜிதா


தெப்ராவ், ஜொகூர்
29 ஜனவரி 2023

மதிப்பிற்குரிய முனைவர் விஜிதா சிற்றம்பலம் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தங்கம் நடந்த கதையை ரசித்தேன். இங்கே நடந்த கதையையும் தாங்கள் கேட்கலாம்.

தாங்கள் 'கிடைக்கவில்லை' என்று எழுதினீர்கள். குழுவில் ஒருவர் அதை 'இல்லாததை எழுதியிருக்கிறார்' என்று படித்தார். இன்னொருவர் என்னைப் பார்க்காமல் சன்னலைப் பார்த்தார். பேராசிரியர் தண்ணீர் குடித்தார். பிப்ரவரியில் நடக்க வேண்டிய வாய்மொழித் தேர்வு ஒத்திவைக்கப்பட்டுள்ளது. எதுவரை என்று யாரும் சொல்லவில்லை. ஒரே வரிதான் எழுதினேன் என்கிறீர்கள். நீளமாக எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ.

தங்கள் வீட்டில் எல்லோரும் படித்தவர்கள். ஒரு பட்டம் போனால் இன்னொன்று வரும். எங்கள் குடும்பத்தில் செடெனாக் தோட்டத்தைவிட்டு வெளியே வந்து இவ்வளவு தூரம் படித்தவன் நான் ஒருவன்தான். சிங்கப்பூரில் நல்ல வேலை. அதை விட்டுவிட்டு இந்தப் பொடியோடு ஏன் உட்கார்ந்தேன் என்று ஒரே மேசையில் இருந்த நாட்களில் தாங்கள் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

என் அண்ணன் திருச்செல்வம் வேன் ஓட்டினார். சாமான்களை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. ஒரு மழை நாளில் சிம்பாங் ரெங்கம் பக்கம் நெடுஞ்சாலை ஓரத்தில் நிறுத்தி, எஞ்சினையும் ஏர்கோனையும் ஓடவிட்டுக் கொஞ்சம் கண்ணசந்தார். எழவில்லை. புகை உள்ளே கசிந்திருக்கிறது. கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது, நிறம் கிடையாது. கண்ணாடியைத் தட்டியவர்கள் தூங்குகிறார் என்றே நினைத்தார்களாம், முகம் அவ்வளவு சிவப்பாக, தெளிவாக இருந்ததாம். ஆஸ்பத்திரியில் நானும் பார்த்தேன். சிவப்பாகத்தான் இருந்தார்.

மலர் அண்ணி இன்னும் செடெனாக்கில்தான் இருக்கிறார். நான் வேலையை விடுகிறேன் என்றபோது ஊரே திட்டியது. அண்ணி மட்டும், "செய்ங்க தம்பி" என்றார். ஒவ்வொரு தீபாவளிக்கும் பலகாரத் தட்டை நீட்டிக்கொண்டே, "முடிஞ்சிருச்சா தம்பி?" என்று கேட்பார். இந்தத் தடவை, "முடிஞ்சிருச்சு அண்ணி" என்று சொல்லியிருந்தேன். அந்தச் சொல்லைத்தான் தாங்கள் பொய்யாக்கியிருக்கிறீர்கள்.

பொடி அனுப்புவதாக இல்லை. கள்ளன் வீட்டுப் பொருள் தங்களுக்கு எதற்கு?

அ. லோகேஸ்வரன்

பி.கு.: நானூறு டிகிரிக்குப் பிறகு தங்கள் பொடி என்ன நிறத்தில் இருந்தது?


செண்டாய்
12 பிப்ரவரி 2023

லோகேஸ் அண்ணா,

ஊதா. நல்ல அடர்ந்த ஊதா, கத்தரிக்காய்த் தோல் நிறம்.

நிறத்தைக் கேட்டீர்களே, அதைப் படித்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. பொய் எழுதியவன் அடுத்தவர் பொடியின் நிறத்தைக் கேட்கமாட்டான். நீங்களும் அறிவீர்கள், சின்ன மணிகளாக இருக்கும்வரை வெளிர் நிறம், ஒன்றாகிப் பெரிதாகப் பெரிதாக ஊதா. உங்கள் பொடி எழுநூறுக்குப் பிறகும் வெளிறியே இருந்தது என்பதை நானே ஸ்கூடாயில் பார்த்திருக்கிறேன். அதனால்தான் கேட்கிறேன். நான் உங்களைப் பொய்யர் என்று நினைத்திருந்தால் தபால் செலவு செய்திருக்கமாட்டேன்.

எங்கள் வீட்டில் எல்லோரும் படித்தவர்கள்தான். அப்பா நிலஅளவை இலாகாவில் பெரிய பதவியில் இருந்தார். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? சிற்றம்பலத்தின் மகள் பார்க்கிறாள் என்று தங்கம் மரியாதையாக உட்கார்ந்துவிடவில்லை. நானூறில் கிளம்பி நடந்துவிட்டது.

உங்கள் அண்ணாவைப் பற்றிப் படித்துவிட்டு அழுதேன். நான்கு வருடம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் அந்த வரியை எழுதித்தான் இருப்பேன். ஆனால் எழுதுவதற்கு முன் உங்களுக்குப் போன் செய்திருப்பேன். அது நான் செய்யாமல் விட்டது, அதற்காக நீங்கள் திட்டலாம்.

ஒரு சிட்டிகை.

விஜிதா


தெப்ராவ்
5 மார்ச் 2023

முனைவர் அவர்களுக்கு,

தங்கள் கடிதத்தை என் மனைவி லோஷினி பிரித்துப் படித்துவிட்டாள். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள், "அந்தப் பொண்ணு ஒரு சிட்டிகதான கேக்குது, குடுத்தா என்ன? உண்மையா இருந்தா ஜப்பான்லயும் உண்மையாத்தான இருக்கும்" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, "ஒங்களுக்கே பயமா இருக்குலா" என்றாள்.

பயம்தான். அதை இங்கே எழுதிவிடுகிறேன், நேரில் சொல்ல வராது. கருவி எண்களைக் காட்டியது, நான் எழுதினேன். அந்த மணிகளை நான் ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை. நம் பழைய நுண்ணோக்கியில் மங்கலாகத் தெரிந்த புள்ளிகளைத்தான் பார்த்திருக்கிறேன். ஒருவேளை கருவி பொய் சொல்லியிருந்தால்? ஒருவேளை நான் நடக்க வேண்டும் என்று நினைத்ததை நடந்ததாகப் பார்த்திருந்தால்? இந்த யோசனை வந்தால் சோறு இறங்குவதில்லை.

கண்ணாடிக் குப்பியில் ஒரு கரண்டி வைத்திருக்கிறேன். தங்கம் ஏற்றியது, இன்னும் பெரிய சூடு காட்டாதது. எழுநூறு வரை கொண்டுபோங்கள். அழிந்தால் எனக்கு எழுத வேண்டாம், நேராகக் குழுவுக்கே எழுதிவிடுங்கள். அழியாவிட்டால் முதலில் எனக்கு எழுதுங்கள்.

லோகேஸ்வரன்


செண்டாய்
2 ஏப்ரல் 2023

லோகேஸ் அண்ணா,

முதலில் உங்களுக்குத்தான் எழுதுகிறேன். நிற்கிறது.

நானூறில் விளிம்பு நடுங்கியது. போச்சு என்று நினைத்தேன். ஐந்நூறு. ஒன்றும் கிளம்பவில்லை. அறுநூறு. ஒரு மணி கொஞ்சம் அசைந்து, பக்கத்து மணியைப் போய்ச் சேரப்போகிறது என்று பார்த்தால், பாதியில் நின்றுவிட்டது. யாரோ தோளில் கைவைத்து உட்காரவைத்த மாதிரி அப்படியே உட்கார்ந்துவிட்டது. எழுநூறு. என்னோடு இருந்த ஜப்பானியத் தோழி திரையைத் தொட்டுப் பார்த்தாள், படம் உறைந்துவிட்டதோ என்று. உறையவில்லை. உள்ளே அணுக்கள் ஒவ்வொன்றும் துடித்துக்கொண்டுதான் இருந்தன, மணியின் மேல்புறம் கொதிக்கிற சோற்றுப் பானை மாதிரி அலைபாய்ந்துகொண்டிருந்தது. ஆனால் மணி இடம்விட்டு நகரவில்லை. கோயிலில் திரை விலகும்போது வாயடைத்துப்போகுமே, அப்படித்தான் இருந்தது. நம் கண்ணுக்கு எட்டாத இடத்தில், யாரும் பார்க்காத நேரத்திலும் இவ்வளவு நடந்துகொண்டிருக்கிறது என்று நினைத்தபோது உடம்பு சிலிர்த்தது.

ஆறவிட்டு, விஷவாயுவை விட்டேன். எழுநூறு டிகிரியைத் தாண்டி வந்த பொடி, சாதாரண அறைச் சூட்டிலேயே, ஒன்றும் நடக்காதது மாதிரி வேலை செய்தது. உங்கள் எண்கள் உண்மை. இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டுக் குழுவுக்கும் எழுதப்போகிறேன். அதுவும் ஒரே வரிதான்.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும். கோபப்படாமல் படியுங்கள். மணிகள் ஏன் நிற்கின்றன என்று நெருங்கிப் பார்த்தேன். நிற்கிற ஒவ்வொரு மணியும் வெள்ளைப் பொடியும் வேறு ஏதோ ஒன்றும் சந்திக்கிற விளிம்பில்தான் இருக்கிறது. அந்த வேறு ஏதோ ஒன்று மெல்லிய தோலாக மணியின் மேல் பாதி ஏறியும் இருக்கிறது. அதுதான் பிடித்து வைத்திருக்கிறது. என்ன பொருள் என்று சோதித்தேன். கால்சியம், பாஸ்பரஸ். இரண்டும் நம் செய்முறையில் இல்லை. இரண்டும் அந்த அளவில் சேர்ந்தால் அது எலும்பின் கனிமம்.

அண்ணா, உங்கள் பொடியில் எலும்பு இருக்கிறது. அது எங்கிருந்து வந்தது?

விஜிதா


தெப்ராவ்
20 ஏப்ரல் 2023

விஜி,

'தாங்கள்' எழுதிக் கை வலிக்கிறது. இனி முடியாது.

'நிற்கிறது' என்ற சொல்லைப் படித்துவிட்டுக் கார் நிறுத்துமிடத்திலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். உன் கடிதத்தை வீட்டில் சத்தமாகப் படித்தேன். எலும்பு என்ற இடம் வந்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. எத்தனை தடவை காய்ச்சி வடித்த தண்ணீரில் கழுவிய பொடி, அதில் எலும்பாம். கத்தினேன். லோஷினி சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அந்த வெள்ள மாவ எதுல இடிச்சீங்க?" என்றாள்.

"லெசோங்லதான். எம்.சி.ஓ. அப்ப. லேப்ப பூட்டிட்டாங்கல்ல?"

"என் லெசோங்லயா?"

"கழுவிட்டுத்தான் இடிச்சேன்."

"கல்யாணமான நாள்லருந்து அதுல நான் சம்பாலுக்கு நெத்திலி இடிச்சிட்டிருக்கேன். தலையோட, முள்ளோட. கழுவுனா போயிருமா? அலமாக், ஒங்க தங்கத்த என் நெத்திலி முள்ளுதான் புடிச்சிட்டு நிக்குதா?"

விஜி, உனக்கு ஞாபகம் இருக்கும், நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது ஆளுக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினோம். என்னிடம் காய்ந்து பாறையாகிப்போன டைட்டானியம் கட்டிகள் இருந்தன. வீட்டில் இருந்த ஒரே உரல் லோஷினியின் கருங்கல் லெசோங்தான். சும்மா உட்கார்ந்திருப்பதற்கு இடிக்கலாமே என்று இரண்டு வாரம் இடித்தேன். பிஸ்கெட் தகரம் ஒன்று நிறைய. ஆய்வகம் திறந்த பிறகு செய்த எல்லாப் பொடியும் அந்தத் தகரத்திலிருந்து எடுத்ததுதான். ஆய்வேட்டில் 'உரலில் அரைக்கப்பட்டது' என்று எழுதினேன். எந்த உரல் என்று யாரும் கேட்கவில்லை, எனக்கும் அது ஒரு விஷயமாகத் தோன்றவில்லை. நீ அங்கே சுத்தமான உரலில் சுத்தமாக அரைத்தாய். உனக்கு எப்படி வரும்?

உப்பு தண்ணீரில் போயிருக்கும். சதை உலையில் எரிந்திருக்கும். முள் மட்டும் நின்றுவிட்டது. கல்லின் குழிகளில் பத்து வருடமாகப் பதுங்கியிருந்த நெத்திலி முள்ளை உலையிலும் போட்டு, அதன்மேல் தங்கத்தையும் ஏற்றியிருக்கிறேன். சிரிப்பதா என்று தெரியவில்லை. கடலில் விரல் நீளம்கூட இல்லாத மீன், தன் முதுகெலும்புக்காகச் சேர்த்துவைத்த சுண்ணாம்பு. அது தங்கத்தை எழுநூறு டிகிரியில் கட்டிப்போடுகிறது. யார் இதை முன்பே தெரிந்து வைத்திருப்பார்கள்?

இப்போது என் கஷ்டத்தைக் கேள். உன் வரி குழுவுக்கு வந்துவிட்டது. எல்லோரும் கைகொடுத்தார்கள். சன்னலைப் பார்த்தவர் டீ வாங்கிக் கொடுத்தார். ஜூனில் வாய்மொழித் தேர்வு. என் ஆய்வேட்டின் தலைப்பே, வேறு எதுவும் சேர்க்காத டைட்டானியத்தின் மேல் தங்கம் நிற்கிறது என்பதுதான். எண்கள் உண்மை, தலைப்பு பொய் என்று ஆகிவிட்டது. நான் பேசாமல் இருந்தால் பட்டம் கிடைத்துவிடும். நெத்திலி விஷயம் உனக்கும் எனக்கும் லோஷினிக்கும்தான் தெரியும்.

என்ன செய்யட்டும்?

லோகேஸ்


செண்டாய்
5 மே 2023

லோகேஸ் அண்ணா,

நெத்திலி பகுதியை மூன்று முறை படித்தேன். என் தோழிக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன், சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவளுக்கு. பிறகு அந்த மீனைப் பார்க்க வேண்டும் என்றாள். கடைக்கு அழைத்துப்போனேன். இங்கேயும் கருவாடாகக் காய்ந்து கிடக்கிறது. இருவரும் ஒன்றை வெளிச்சத்தில் பிடித்து அதன் முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றோம், கடைக்காரர் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இனி சங்கடமான விஷயம். எலும்புக் கனிமமும் தங்கமும் சேர்ந்தால் சூட்டைத் தாங்கும் என்பது புதிதில்லை. தேடிப் பார்த்தேன். வேறு நாட்டு ஆட்கள் சில வருடங்களுக்கு முன்பே கண்டு, எழுதி, விளக்கமும் சொல்லிவிட்டார்கள். சுத்தமான கனிமத்தை வாங்கி, தெரிந்தே சேர்த்துச் செய்திருக்கிறார்கள். நீங்கள் தெரியாமல் அதே வாசலுக்கு வந்து நின்றிருக்கிறீர்கள். சமையலறை வழியாக வந்திருக்கிறீர்கள், அதுதான் வித்தியாசம். ஆகவே உண்மையைச் சொன்னால், கண்டுபிடித்தவர் என்ற பெயர் உங்களுக்குக் கிடைக்காது.

கீழே ஒரு வரியை எழுதி அடித்திருக்கிறேன். வெளிச்சத்தில் பிடித்தால் உங்களால் படிக்க முடியும். 'நீங்கள் சொல்லாவிட்டால் நானும் சொல்லமாட்டேன்' என்று எழுதியிருந்தேன். உங்கள் அண்ணியின் பலகாரத் தட்டை நினைத்துக்கொண்டு எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். என்னால் அது முடியாது அண்ணா. ஆனால் உங்களை முந்திக்கொண்டு போய்ச் சொல்லவும் மாட்டேன். போன தடவை போன் செய்யாமல் எழுதினேன், இந்தத் தடவை வாயைத் திறக்காமல் காத்திருக்கிறேன்.

என்ன செய்யட்டும் என்று கேட்டதற்கு ஒன்றுதான் சொல்வேன். முடிவு எடுப்பதற்கு முன் உங்கள் மணிகளை நீங்கள் பார்க்க வேண்டும். என்னை வாட்ஸ்அப்பில் திறந்துவிடுங்கள். இந்த மாதக் கடைசிப் புதன்கிழமை நுண்ணோக்கி எனக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. போனைத் திரைக்கு நேரே பிடிக்கிறேன். லோஷினியையும் கூப்பிடுங்கள், முள் அவருடையது.

விஜிதா


தெப்ராவ்
29 அக்டோபர் 2023

விஜி,

வாட்ஸ்அப்பில் தினம் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம், பிறகு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். இதைப் போனில் தட்டச்சு செய்ய மனம் வரவில்லை. உனக்குத் தெரிந்ததையும் சேர்த்து எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

அந்தப் புதன்கிழமை நீ காட்டியபோது நான் ஏன் பேசவில்லை என்று கேட்டாய். படம் நடுங்கியது, உன் குரல் விட்டுவிட்டு வந்தது. ஆனாலும் தெரிந்தது. பழுப்புத் திரையில் கறுப்பாக ஒரு மணி, அதற்குள்ளே வரிசை வரிசையாக அணுக்கள். ஒவ்வொரு புள்ளியும் ஓர் அணுவரிசையின் தலை என்று நீ சொன்னாய். பள்ளிக்கூடத்தில் அணு என்று ஒரு வட்டம் போட்டுக் காட்டுவார்களே, இத்தனை வருடம் நான் அந்த வட்டத்தைத்தான் நம்பிக்கொண்டிருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது. லோஷினி, "மூச்சு விடுற மாதிரி இருக்கு" என்றாள். நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இவ்வளவு ஒழுங்காக, இவ்வளவு பொறுமையாக நிற்கிற ஒன்றை வைத்துப் பொய் சொல்ல எனக்குக் கூசியது. அவ்வளவுதான் காரணம். பெரிய தர்மம் எதுவும் யோசிக்கவில்லை.

மறுநாளே பேராசிரியரிடம் போனேன். நெத்திலி என்றதும் சிரித்தார், பிறகு முகம் வாடிவிட்டது. ஜூன் தேர்வு தள்ளிப்போனது, இரண்டு அத்தியாயங்கள் போயின, தலைப்பு போனது. சுத்தமான எலும்புக் கனிமத்தை வாங்கி, ஆய்வக உரலில் அரைத்து, முதலிலிருந்து செய்தேன். முதல் இரண்டு தடவை கத்தரிக்காய் நிறம் வந்தது. மூன்றாவது நின்றது. போன வாரம் தேர்வும் முடிந்தது. புதிதாக எதையும் கண்டுபிடித்ததாக ஆய்வேட்டில் ஒரு வரிகூட இல்லை. திருத்தங்களோடு ஏற்றுக்கொண்டார்கள்.

நேற்று மலர் அண்ணியை ஆய்வகத்துக்கு அழைத்துப்போனேன். தீபாவளிக்கு இன்னும் இரண்டு வாரம்தான், தட்டை நீட்டிக் கேட்பதற்கு முன் காட்டிவிட வேண்டும் என்று நினைத்தேன். செடெனாக்கிலிருந்து பஸ்ஸில் வந்தார், தொழிற்சாலை வேலைக்குப் போகும் சட்டையை விட்டுப் பட்டுப்புடவை கட்டியிருந்தார். கோயிலுக்கு வருகிற மாதிரி செருப்பை வாசலில் கழற்றப் போனார். நான்தான் போட்டுக்கொள்ளச் சொன்னேன்.

வாயு போகும் கண்ணாடிக் குழாயைக் காட்டினேன். முதலில் பொடி இல்லாத வழியாக விட்டேன். மீட்டரில் எண் ஏறியது. "இதுதான் அந்தப் பொகையா?" என்றார். ஆமாம் என்றேன். ஒரு அடி பின்னால் போனார். பிறகு வால்வைத் திருப்பிப் பொடியின் வழியாக விட்டேன். எண் இறங்கி, இறங்கி, பூஜ்யத்தில் நின்றது. பொடி எழுநூறு டிகிரி சூட்டைத் தாண்டி வந்தது என்றும், கார்ப் புகைக்குழாயில் வைத்தாலும் தாங்கும் என்றும், உள்ளே இருப்பது தங்கம் என்றும் சொன்னேன். தங்கம் என்றதும் கழுத்தைத் தொட்டுக்கொண்டார். தாலி இல்லாத கழுத்து. தொட்டதும் கையை எடுத்துவிட்டார்.

கொஞ்ச நேரம் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"தம்பி, அன்னைக்கு இது அந்த வேன்ல இருந்திருந்தா, ஒங்க அண்ணன் இருந்திருப்பாரா?"

பேராசிரியர் கதவருகில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்து மெதுவாகத் தலையசைத்தார். ஆமாம் என்று சொல்லிவிடு என்றுதான் அர்த்தம். எனக்கும் சொல்லத்தான் ஆசை. வேலையை விட்டதற்கும், இத்தனை வருடம் அவரைக் காக்க வைத்ததற்கும் அந்த ஒரு சொல்லைத்தானே கொடுக்க முடியும்? நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

ஆனால் வேனைச் சோதித்தவர் அன்றே எனக்குக் காட்டியிருந்தார். புகைக்குழாய் எஞ்சினைவிட்டுக் கிளம்பும் இடத்திலேயே, சீட்டுக்கு அடியில், வெடித்திருந்தது. இந்தப் பொடியை வைக்கிற இடம் அதற்கும் அப்பால். புகை இதைத் தொடவே போவதில்லை.

"இல்ல அண்ணி" என்றேன். "இது வரைக்கும் பொக வந்திருக்காது. முன்னாலயே ஒடஞ்சிருந்துச்சு. இது இருந்திருந்தாலும் அண்ணன காப்பாத்தியிருக்க முடியாது."

விஜி, அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் நானும் சன்னலைப் பார்த்தேன்.

அண்ணி அழுதார். சத்தமில்லாமல், நின்றபடியே. பேராசிரியர் வெளியே போய்விட்டார். அப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "ஆமான்னு சொல்லிருவீங்களோன்னு பயந்துட்டே இருந்தேன் தம்பி. சொல்லியிருந்தா, அய்யோ கொஞ்சம் முன்னாடி இது வந்திருக்கக்கூடாதான்னு தெனம் செத்துட்டு இருந்திருப்பேன். இப்ப அது இல்ல. அவரு போனது போனதுதான்."

அவர் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு மீட்டரிடம் குனிந்தார்.

"இன்னொருக்கா தொறங்க, நல்லா பாத்துக்கறேன்" என்றார்.

திறந்தேன். இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். புகை உள்ளே போனது. வெளியே வரவில்லை.

லோகேஸ்